சிவப்பு டேப் ஒட்டிய பாட்டில்

முதலில் நோயில்லாத செல்கள், பிறகுதான் நோயுள்ளவை. அந்த அறையில் யார் வேலை செய்தாலும் அதுதான் முறை. கிருமி இருக்கிற பக்கத்திலிருந்து கிருமி இல்லாத பக்கத்துக்கு எதுவும் போய்விடக் கூடாது, ஒரு துளி கூட, ஒரு கையுறை கூட. மரகதம் அந்த முறைப்படியே நோயில்லாத பிளாஸ்க்குகளுக்குச் சாப்பாடு மாற்றி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற இன்குபேட்டருக்குள் படுக்கப் போட்டுவிட்டு, கையுறையை மாற்றிக்கொண்டு, கிருமி உள்ள பிளாஸ்க்கை எடுத்து வந்தாள். பிளாஸ்க் என்றால் காபி ஊற்றி வைக்கிற சாமான் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற சப்பையான பிளாஸ்டிக் புட்டி. அதன் அடியில் மனித ஈரல் செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும், மேலே ரோஸ் நிறத்தில் அவற்றின் சாப்பாடு நிற்கும், தின்று தீர்த்துவிட்டால் அந்த ரோஸ் மஞ்சளாகிப் பசிக்கிறது என்று சொல்லும். வாயில்லாத ஜீவன்கள் எவ்வளவு நாகரிகமாகப் பசியைச் சொல்கின்றன, இந்த மனுசனுக்குப் பசி வந்தால் மட்டும் சமையலறையில் அத்தனை டப்பாவையும் திறந்து மூடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும், என்று புருஷன் சென்னியப்பனை நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் மனசு பொசுக்கென்று கதவுப் பக்கம் ஓடிவிட்டது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் கூட வேலை செய்கிற ஜெபராணி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் மேஜை மேல் மரகதத்தின் போன் இருக்கிறது. செல் அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. போன் அடிச்சா கண்ணாடியைத் தட்டறேன் அக்கா, நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க, என்று சொல்லியிருக்கிறாள். நிம்மதியாம். ஆஸ்பத்திரியில் ரிசல்ட் வாங்கப் போயிருப்பது அவளுடைய புருஷனா என்ன.

நானும் வர்றேனுங்க என்று காலையில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிற அதே குரலில், "நீ வந்து என்ன பண்ணப் போறே கண்ணு? பேப்பர் குடுக்கற புள்ளைய நிக்க வெச்சு ஊருப்பட்ட கேள்வி கேப்பே. போயி உன்ற செல்லுக்குச் சோறு வெய்யி. நான் வாங்கிட்டுக் கூப்புடறேன்" என்றார். ஊருப்பட்ட கேள்வி. இருக்கிறது ஒரே கேள்விதான். மாத்திரைகள் எல்லாம் விழுங்கி முடித்து, அப்புறம் மூன்று மாதம் சும்மா இருந்து, அதன் பிறகு எடுக்கிற ரத்தப் பரிசோதனை இது. இதில் ஹெபடைடிஸ் சி கிருமி இல்லை என்று வந்தால் இல்லைதான், போனது போனதுதான். இருக்கிறது என்று வந்தால். வந்தால் என்ற இடத்துக்கு வந்ததும் மனசு முரண்டு பிடிக்கிற மாடு மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தாலும் வருவதில்லை, திரும்பி வேறு எங்காவது மேயப் போய்விடுகிறது. இந்நேரம் வாங்கியிருப்பார். வாங்கியிருந்தால் கூப்பிட்டிருப்பார். கூப்பிடவில்லை என்றால் வாங்கவில்லை, அல்லது வாங்கிப் படித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் டீயை ஆற விட்டுக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. சரி, முதலில் செல்லைப் பார்ப்போம் என்று பிளாஸ்க்கை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துக் குனிந்தாள்.

நன்றாக இருந்தன. அடியில் இண்டு இடுக்கு விடாமல் பரவி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக் கிடந்தன, இன்றைக்குப் பிரித்துப் புது பிளாஸ்க்குகளில் போடாவிட்டால் நாளைக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். எத்தனை வருஷமாகப் பார்த்தாலும் அவளுக்கு இந்தக் காட்சி பிடிக்கும். நோயுள்ள செல் என்று பார்த்தால் தெரியவே தெரியாது, அதுவும் நோயில்லாததைப் போலவே பளபளவென்று இருக்கும், சென்னியப்பன் இத்தனை வருஷம் ஈரலில் கிருமியை வைத்துக்கொண்டு மைதானத்தில் குதித்துக்கொண்டிருந்தது மாதிரி. இந்தச் செல்கள் ஜப்பானில் ஒரு மனிதரின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்தவை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனிதர் போய்ச் சேர்ந்திருப்பார், செல் மட்டும் நாடு நாடாகப் போய், கோயமுத்தூர் வரை வந்து, அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவர் பேர் என்ன, என்ன வேலை பார்த்தார், பசி வந்தால் அவரும் டப்பாவைத் திறந்து மூடினாரா, ரிசல்ட் வாங்கப் போகும்போது அவர் வீட்டிலும் ஒருத்தி நானும் வர்றேன் என்றாளா. ஆயுத பூஜைக்கு இன்குபேட்டருக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறபோதெல்லாம் மனசுக்குள் அவருக்கும் ஒரு பொட்டு வைப்பாள். இதை வீட்டில் சொன்னபோது சென்னியப்பன் சிரிக்கவில்லை. "உனக்கு அவரு ஒறம்பரை, சொந்தக்காரரு மாதிரி ஆயிட்டாரு, பொட்டு வெக்கறதுல என்ன தப்பு?" என்றார். அப்படிச் சொல்கிற மனுசன். அப்படிப்பட்ட மனுசனுக்கா.

பழைய சாப்பாட்டை உறிஞ்சி எடுத்தாள், அலசினாள், செல்களைப் பிடிவிடச் செய்கிற டிரிப்ஸின் நீரைக் கொஞ்சமாக ஊற்றி பிளாஸ்க்கை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். இனிக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் ஆபத்து, கைக்கு வேலை இல்லை என்றால் மனசு அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனவர்தான். ரத்த வங்கியில் சோதித்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, வலது பக்க வயிற்றைத் தட்டிக் காட்டி, "உன்ற ஆபீஸ்காரன் ஒருத்தன் இங்கயும் வந்து குடியிருக்கானாமா" என்றார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. அவள் அழ, அவர் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சோறு பண்ணினார், பூண்டு போட மறந்துவிட்டார், அவள் அழுதுகொண்டே, பூண்டு போடலையா மாமா, என்று கேட்டாள், அவர், நீ அழுத அழுகையில எனக்குப் பூண்டு எங்கே ஞாபகம் இருக்கும், என்றார். டாக்டர் சொன்னார், காலேஜ் காலத்தில் லாரியில் அடிபட்டு ரத்தம் ஏற்றினார்கள் அல்லவா, அதில்தான் வந்திருக்க வேண்டும், அப்போதெல்லாம் ரத்தத்தில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் இல்லை. சரிதான். நியாயம்தான். ஆனால் அவளுக்கு? கிருமியோடு புழங்குகிறவள் வீட்டில் அவள் அல்லவா. நானா கொண்டு வந்தேன்? இல்லை. பிளாஸ்க்கில் இருப்பது பாதிக் கிருமி, பெருகுவதற்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி உள்ளே விட்டது, அதற்குச் செல்லை விட்டு வெளியே வரத் தெரியாது, யாரையும் தொற்றாது. அவர் உடம்பில் இருப்பது வகையே வேறு, பரிசோதனைக் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. இதை அவள் பத்துப் பேருக்கு மேடையேறி விளக்குவாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் நேராகக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் நுனி வெளிறுகிற வரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் அவர் பக்கத்தில் போவாள், அவர் தட்டைத் தொடுவாள், தலையில் எண்ணெய் வைப்பாள். கழுவக் கழுவப் போகாத அழுக்கு அது. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. உன்னால் வந்ததோ என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் கூட அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். கேட்காததற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்க்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு. தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்புகிற மாதிரித்தான் தட்ட வேண்டும், வேகமாகத் தட்டினால் செல்லுக்கு வலிக்கும் என்று சொன்னால் ஜெபராணி சிரிப்பாள். செல்கள் பிடியை விட்டு, மாவு மாதிரி மிதந்து வந்தன. பாட்டிலை எடுத்துச் சாப்பாட்டை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே மாத்திரையை நினைத்தாள். அவர் விழுங்கிய மாதிரி மாத்திரைகளை இந்த மாதிரிச் செல்களில்தான் எங்கெங்கோ உட்கார்ந்து தேடினார்கள். அதற்கு முன்னால் இந்தக் கிருமி எந்த பிளாஸ்க்கிலும் வளர மாட்டேன் என்று வருஷக்கணக்கில் எல்லோருக்கும் தண்ணி காட்டியது. வளர்க்க முடியாததைக் கொல்ல மருந்து எப்படித் தேடுவது? அதனால் ஒரு தந்திரம் பண்ணினார்கள். கிருமித் துண்டோடு ஒரு கவசத்தையும் ஒட்டிச் செல்லுக்குள் அனுப்பினார்கள், பிறகு சாப்பாட்டில் விஷம் கலந்தார்கள். கிருமியை வைத்திருக்கிற செல்லுக்குக் கவசம் உண்டு, பிழைக்கும். கிருமியைத் துரத்திவிட்ட செல் கவசத்தையும் சேர்த்துத் துரத்திவிடும், விஷத்தில் சாகும். ஆக, உயிரோடு இருக்க வேண்டுமானால் கிருமியைக் கட்டி அழுதே தீர வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மரகதம் இதைச் சொல்லும்போது எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். வீட்டில் சொன்னபோது சென்னியப்பன் யோசித்துவிட்டு, "நம்ம ஹெட்மாஸ்டர வெச்சுட்டு நாங்க வேலை பார்க்கற மாதிரினு சொல்லு" என்றார். அந்த விஷம் கலந்த சாப்பாட்டுப் பாட்டிலுக்குச் சிவப்பு டேப். நோயில்லாத செல்களின் பாட்டிலுக்கு டேப் கிடையாது.

மாத்திரை ஒரு நாள் தவறியிருந்தால்? தவறவில்லை. தவற விடவில்லை அவள். உடுமலையில் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர், மாத்திரை அட்டையை டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் லீவு போட்டு, ஒரே ஒரு மாத்திரையைப் பொட்டு டப்பாவில் போட்டு, பஸ் பிடித்துப் போனாள். கூட்டம், உட்கார இடமில்லை, பல்லடத்தில் கொஞ்சம் காலியாகும் என்று பார்த்தால் அங்கேயும் ஏறினார்கள். மைதானத்தில் புழுதி பறக்க அவர் கத்திக்கொண்டிருக்க, இவள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று டப்பாவைக் காட்ட, அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்து, ஒரு பையனிடம் தண்ணீர் வாங்கி விழுங்கினார். மாஸ்டர், கோயில் பிரசாதமுங்களா, என்று பையன் கேட்டதற்கு, ஆமாடா, எங்கூட்டு அம்மன் கொண்டாந்தது, என்றாரே. அந்தப் பஸ் ஆட்டத்துக்கு இடுப்பு ஒரு வாரம் வலித்தது, அது கூட இப்போது இனிக்கிறது. ஆனால் மாத்திரைக்கும் மசியாத கிருமி உண்டு. அவளே வளர்த்திருக்கிறாள். மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்து, எது தப்பிக்கிறது என்று பார்த்து, தப்பித்ததைத் தனியாக எடுத்து வளர்த்து, அது எப்படித் தப்பித்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலையில் பாதி. குணமாகாமல் போகிறவர்கள் சொற்பம். நூற்றில் ஏதோ சிலர். அந்தச் சிலர் யார் வீட்டிலோ இருப்பவர்கள் என்று இத்தனை வருஷம் எழுதியும் பேசியும் வந்தாள். அந்தச் சிலரில் ஒருவர் பூண்டு போட மறக்கிறவராக, விசில் மாட்டியவராக, குறட்டை விடுகிறவராக இருந்தால்?

செல்களைப் பிரித்துப் புது பிளாஸ்க்குகளில் விட்டு, மூடியைத் திருகி, தேதி எழுதி, இன்குபேட்டரில் வைத்துவிட்டு வந்து, கண்ணாடித் தடுப்புப் போட்ட வேலை மேஜையான ஹூட்டைத் துடைக்கலாம் என்று பாட்டிலை எடுத்தாள். பாட்டிலில் டேப் இல்லை. திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் இல்லை. சிவப்பு டேப் ஒட்டிய பாட்டில், சாப்பாட்டைச் சூடாக்குகிற வெந்நீர்த் தொட்டியில் அப்படியே கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது, வைத்தவள் எடுக்கவே இல்லை. நோயில்லாத செல்களுக்கு ஊற்றிய பாட்டிலை ஹூட்டிலேயே விட்டிருக்கிறாள், கையுறையை மாற்றியவள் பாட்டிலை மாற்றவில்லை, அதையே எடுத்து ஊற்றியிருக்கிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பண்ணுகிற தப்பு. இதைப் பண்ணியவர்களை அவள் எவ்வளவு கடிந்திருக்கிறாள். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, இப்போதே அந்த விஷ மருந்தைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். சேர்க்காமல் விட்டால்தான், நாளாக ஆக, விஷத்தின் பயம் போன செல்கள் ஒவ்வொன்றாகக் கிருமியைக் கைவிட்டுவிடும். குணமாகிவிடும். அந்த வார்த்தை வந்ததும் கை அசையவில்லை. குணமாகட்டுமே. யாருக்குத் தெரியப் போகிறது. இதாவது குணமாகட்டும். இதைக் குணமாக விட்டால் அங்கே அவருக்கும். சீச்சீ, என்ன புத்தி இது, படித்தவள், பத்துப் பேருக்குப் பாடம் நடத்துகிறவள், பிளாஸ்க்கை வைத்து வேண்டுதல் போடுகிறாள். மொட்டை போடுகிறேன், தீ மிதிக்கிறேன் என்பவர்களைவிட எந்த விதத்தில் ஒசத்தி? இருந்தாலும் கை அசையவில்லை. தெரிந்தேதான் எடுத்தாயா என்று கையைக் கேட்டாள். இத்தனை வருஷமாக எந்தக் கிருமியை ஊட்டி வளர்த்தாளோ அதே கிருமிக்கு இன்றைக்கு மட்டும் ஊட்ட மாட்டேன் என்று கை தானாகவே முடிவு செய்துவிட்டதா? போன் வருகிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். போன் வரட்டும். அதுவரைக்கும் இதைத் தொட மாட்டேன், மாமா, என்று வாய்விட்டே சொன்னாள்.

கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜெபராணி போனைத் தூக்கிக் காட்டினாள். மரகதம் கையுறையைக் கழற்றி, குழாயில் கை கழுவினாள், கழுவினாள், இன்னும் கழுவினாள். ஜெபராணி கதவைத் திறந்து, "அக்கா, கட்டாயிரும், வாங்க" என்று கத்தினாள். ஈரக் கையோடு போனை வாங்கினாள்.

"என்னுங்க?"

"சாப்டியா கண்ணு?"

"மாமா."

"இல்ல, நேரமாயிருச்சே, சாப்டியானு கேட்டேன்."

"வெளையாடாதீங்க. பேப்பர்ல என்ன போட்டிருக்கு? படிங்க."

காகிதம் சரசரக்கிற சத்தம். அவர் கண்ணாடியைத் தேடுகிறார், சட்டைப் பையில் இல்லை, நெற்றிமேல் இருக்கும், அங்கேதான் எப்போதும் இருக்கும், அவளுக்கு இங்கிருந்தே தெரிகிறது.

"நாட் டிடெக்டட்னு போட்டிருக்கு. பேப்பர் குடுத்த புள்ளை சிரிச்சுது. ஆனா நான் அதுகிட்ட ஒண்ணும் கேக்கல. நீ சொன்னாத்தான் நம்புவேன்னு வெளிய வந்துட்டேன். சொல்லு. உன்ற ஆபீஸ்காரன் காலி பண்ணிட்டானா?"

அவள் போனை இன்னும் அழுத்திக் காதோடு வைத்தாள். இத்தனை நாள் எத்தனை பேருடைய காகிதத்தைப் படித்து எவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். ஜெபராணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போயிருச்சுங்க மாமா. போயே போயிருச்சு."

"அப்பச் செரி." அவர் மூக்கை உறிஞ்சினார். "இன்னொண்ணு சொல்லோணும் கண்ணு. இனிமேலு ஊட்டுக்கு வந்ததும் அந்தக் கை கழுவறது வேண்டாம். கை தோலெல்லாம் காஞ்சு போச்சு உனக்கு."

அவள் தன் ஈரக் கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அது உன்ற கையில வந்ததில்லைனு எனக்கு அன்னைக்கே தெரியும். பேசுனா நீ நொம்ப வருத்தப்படுவேனு விட்டுட்டேன். விட்டது தப்போ என்னவோ. நீ பாட்டுக்குத் தேச்சுட்டே இருந்தே."

"பார்த்துட்டேதான் இருந்தீங்களா?"

"ஊட்டுல வேறென்ன வேலை எனக்கு? செரி, ராத்திரிக்கு அரிசிம்பருப்பு நான் பண்றேன். பூண்டு உரிச்சு முன்னாடியே வெச்சுடறேன்."

போனை ஜெபராணியின் மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப உள்ளே போனாள். எங்கக்கா போறீங்க, இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போங்க, என்று ஜெபராணி பின்னால் சொன்னது காதில் விழுந்தது. புதுக் கையுறை மாட்டினாள். பிரிட்ஜிலிருந்து விஷ மருந்துக் குப்பியை எடுத்தாள். இன்குபேட்டரைத் திறந்து, புதிதாகப் பிரித்து வைத்த பிளாஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து, அளவு பார்த்து மருந்தை விட்டு, மெல்ல ஆட்டிக் கலக்கினாள். இன்னும் மாத்திரைக்கு மசியாமல் யார் யார் ஈரலிலோ இருக்கிற கிருமிக்கு மருந்து தேட வேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள். அதற்கு இது வேண்டும். உயிரோடு, கொழுகொழுவென்று வேண்டும். கடைசி பிளாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், ரோஸ் நிறத்தில் தெளிவாக இருந்தது. "இங்கேயே இருந்துக்கோ" என்று அதனிடம் சொன்னாள். "சோறு நான் போடறேன். வேற எங்கயும் போகப்படாது, தெரியுதா?"

இன்குபேட்டர் கதவைச் சாத்தினாள். கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, எல்லோரும் கழுவுகிற அளவுக்குக் கை கழுவினாள், அதற்கு மேல் இல்லை.